பாதி தூக்கிய கை

ஜனவரி 6, திங்கள்

புது வருடத்தின் முதல் பயிற்சி ஆட்டம். வழக்கம்போல் நான் ஸ்கோர் மேசையில். எனக்குக் கூடைப்பந்து ஆட வராது. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று விளையாட்டு ஆசிரியர் தமிழ்ச்செல்வன் சார் முதல் வருடத்திலேயே பிடித்துப் போட்டார். இந்த மூன்றாம் வருடம் வரை அங்கேயே இருக்கிறேன். அங்கிருந்து எல்லோரையும் பார்க்கலாம். மேசையை யாரும் பார்ப்பதில்லை.

இளவேனில் இன்று உள்ளே புகுந்து போட்டதெல்லாம் விழுந்தது. அவளைத் தடுக்க வழியில்லாமல் ஒருத்தி கையில் தட்டினாள். விசில். இரண்டு ஃப்ரீ த்ரோ. எல்லோரும் ஒதுங்கிக்கொண்டார்கள். கோட்டில் அவள் மட்டும். எதிரே வளையம். குறுக்கே யாருமில்லை. இதில்தான் அவள் எப்போதும் தவறுகிறாள். முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டிக்கொள்கின்றன, கை பாதிவரைதான் போகிறது, பந்து வளையத்துக்கு இப்பாலேயே விழுந்துவிடுகிறது.

"ஏம்மா, பனமரம் மாதிரி வளந்துருக்கற. கையத் தூக்கறதுக்கு இன்னா கூலி கேக்கறியா?" என்றார் சார்.

அணி சிரித்தது. அவளும் சிரித்தாள்.

ஜனவரி 9, வியாழன்

எல்லோரும் போன பிறகு இளவேனில் மட்டும் மைதானத்தில் நின்றாள். நான் பந்து பொறுக்கிப் போட்டேன். ராஜகிரி மலைப் பக்கம் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அதே கோடு, அதே வளையம். ஏறக்குறைய எல்லாம் விழுந்தது. கை நேராக, காதை உரசிக்கொண்டு மேலே போனது.

"இப்ப மட்டும் எப்படிடி?" என்றேன்.

பந்தைத் தட்டிக்கொண்டே சொன்னாள். பத்தாம் வகுப்பில் ஒரு போட்டி. இரவல் ஜெர்சி, இவள் உயரத்துக்குக் குட்டை. ஃப்ரீ த்ரோ போடக் கையைத் தூக்கினாள், ஜெர்சி ஏறி வயிறு தெரிந்தது. சுவர்மேல் உட்கார்ந்திருந்த பையன்கள் கத்தினார்கள். என்ன கத்தினார்கள் என்று அவள் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. இப்போது ஜெர்சி நீளம்தான். ஆனாலும் கை போவதில்லை.

"ஓடும்போது தோணாதா?"

"ஓடும்போது கூட ஒம்போது பேரு ஓடறாங்க. கோட்டுல நான் மட்டும்தானே." பிறகு, "யார்கிட்டயும் சொல்லிடாத மாஹி."

"நான் யார்கிட்ட பேசறேன், சொல்றதுக்கு?"

அவளுக்கு விளையாட்டு ஆசிரியை ஆக வேண்டும். பிப்ரவரியில் எங்கள் கல்லூரியில் நடக்கும் போட்டிக்கு, சென்னையில் ஒரு உடற்கல்விக் கல்லூரியிலிருந்து ராஜாம்பாள் என்ற பயிற்சியாளர் ஆள் பார்க்க வருகிறார். அவர் கை காட்டினால் சீட்டும் விடுதியும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பனமலையில் அத்தை மகன் தயாராக இருக்கிறான். அண்ணன் ரஞ்சித் சொல்லிவிட்டானாம்: "சீட்டு கெடச்சா போ. கெடைக்கலன்னா அதுக்கப்பறம் வாயத் தொறக்காத."

சிங்கவரத்துக்கு சைக்கிளில் போகிறவளைத் திருப்பம்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். சைக்கிளில்கூட அவள் குனிந்துதான் உட்காருகிறாள்.

ஜனவரி 22, புதன்

இன்று ஒரு சண்டை. நல்ல சண்டை.

சார் அணிக்கு விதிகள் சொல்லிக்கொடுத்தார். ஆட்டம் நான்கு பகுதி. ஒரு பகுதியில் ஓர் அணியின் ஃபவுல் நான்கைத் தாண்டிவிட்டால், அடுத்த ஒவ்வொன்றுக்கும் எதிராளிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. தோற்றுக்கொண்டிருக்கிற அணி கடைசி நேரத்தில் இதையே பயன்படுத்தும். எதிரணியில் எறியத் தெரியாதவள் யாரென்று பார்த்து, வேண்டுமென்றே அவள்மீது ஃபவுல் செய்யும். அவள் இரண்டையும் தவறவிடுவாள். பந்து இவர்கள் கைக்கு வரும்.

"இது அசிங்கம் சார்" என்றாள் இளவேனில்.

சார் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் விடவில்லை. புங்க மரத்தடியில் உட்கார்ந்து, விதிப் புத்தகத்தை நான் படித்திருக்கும் அழகையெல்லாம் அவளிடம் காட்டினேன். விதி ஒரு விலை வைத்திருக்கிறது, விலையைக் கொடுத்தபின் அது எப்படி அசிங்கம் என்றேன். முன்பு இதற்கு 'வேண்டுமென்றே செய்த ஃபவுல்' என்றே பெயர் இருந்தது. பிறகு பெயரை மாற்றிவிட்டார்கள். நடுவரால் மனசுக்குள் புகுந்து பார்க்க முடியாதே. இப்போது அவர் பார்ப்பது கையை. கை பந்துக்குப் போயிருந்தால் சாதாரண ஃபவுல். பந்தை விட்டு ஆளுக்குப் போயிருந்தால் பெரிய ஃபவுல், தண்டனையும் பெரிது. நினைத்தது என்ன என்பது கணக்கில்லை.

"அப்ப காசு இருக்கறவன் எவனவேணா அடிச்சிட்டு ஃபைனக் கட்டிட்டுப் போலாம். அப்டித்தானே?"

"அடிக்கறதுக்கு வேற ரூல் இருக்குது."

"எல்லாத்துக்கும் ஒண்ணு வச்சிருப்ப நீ." அவள் ஷூ லேஸை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். "ஒன்கிட்ட பேசி ஜெயிக்க முடியாதுடி. ஆனா நீ ஒருநாளும் அந்தக் கோட்டுல நின்னதில்ல."

நான் சொன்னதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், ஸ்கோர் தாளில் ஃபவுலை எப்போதும் செய்தவள் பெயருக்கு நேரேதான் எழுதுகிறேன். யார்மீது செய்தாள் என்று எழுத அதில் இடமே இல்லை.

ஜனவரி 30, வியாழன்

தமிழ்த் துறை மனோரமா மேடம் கூப்பிட்டனுப்பினார். போட்டிக்கு வரும் அணிகளை வரவேற்க முதல் நாள் மாலை பட்டிமன்றம். 'வேண்டுமென்றே செய்யும் ஃபவுல் உத்தியா, அநீதியா?' தலைப்பு சாருடையது. 'உத்தியே' அணியில் பேச இருந்தவளுக்கு மஞ்சள் காமாலை.

"எனக்கு மேடை வராது மேடம்."

"எழுத வருதில்ல? அத அப்படியே வாயால எழுது."

அம்மாவிடம் சொன்னால் வேண்டாம் என்பாள், தப்பித்துவிடலாம் என்று நினைத்தேன். அவளோ, "எந்நேரமும் பொஸ்தகத்துல மூஞ்ச வச்சிட்டிருக்கறதுக்கு நாலு பேரு முன்னாடி பேசேன்" என்றாள். அத்தா கடையிலிருந்து வந்ததும், மகள் மேடையேறப் போவதைத்தான் முதலில் அவரிடம் சொன்னாள்.

இளவேனிலுக்கு என்னைவிட சந்தோஷம். "பேசுடி. முன்னால உக்காந்து நான் கை தட்றேன்."

பிப்ரவரி 12, புதன்

தூக்கம் வரவில்லை. எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

கலையரங்கம் நிரம்பியிருந்தது. முன்வரிசைகளில் வெளியூர் அணிகள், பின்னால் எங்கள் பையன்கள். எனக்கு முன்னால் 'அநீதியே' அணியில் ஆதிநாராயணன் பேசினான். கடைவீதி மளிகைக் கடை வீட்டுப் பையன். மாமியார், மருமகள், எடைக்கல் என்று போட்டுத் தாக்கினான். சிரித்துச் சிரித்து நாற்காலிகள் நகர்ந்தன.

பிறகு நான். எழுதிவைத்ததைச் சொன்னேன். விலை, மனசு, கை. எல்லாம் சரியாகத்தான் வந்தது. ஆனால் மூன்றாவது வாக்கியத்திலேயே பின்வரிசை பேச ஆரம்பித்துவிட்டது. யாரோ கொட்டாவியைச் சத்தமாக விட்டார்கள். நடுவர் நாற்காலியிலிருந்து மனோரமா மேடம் மைக்கை மூடிக்கொண்டு, "உதாரணம், மாஹிரா. உதாரணம் சொல்லு" என்றார்.

கீழே பார்த்தேன். இரண்டாவது வரிசையில் இளவேனில், கை தட்டத் தயாராக.

"எங்கள் அணியிலேயே ஒரு கோபுரம் இருக்கிறது" என்றேன். "உயரத்துக்குக் குறைச்சலில்லை. ஆனால் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு வந்தால் அந்தக் கோபுரத்துக்குக் கை இருக்காது."

முதல் சிரிப்பு வந்தது. எனக்கு அதுவரை அப்படி ஒன்று வந்ததில்லை.

முழங்கைகளை விலாவோடு ஒட்டினேன். பாதிக் கையைத் தூக்கினேன். கையில் இல்லாத பந்தை எறிந்துவிட்டு, அது காலடியிலேயே விழுவதைக் குனிந்து பார்த்தேன். அரங்கம் வெடித்தது. ஒன்ஸ்மோர் கேட்டார்கள். இன்னொரு முறை செய்தேன். ஆதிநாராயணன்கூட மேசையைத் தட்டினான்.

அதோடு விட்டேனா? வெளியூர் அணிகளைப் பார்த்து, "தோழிகளே, கடைசி இரண்டு நிமிடத்தில் இவரிடம் பந்து போனால் கவலைப்படாதீர்கள். பந்தைத் தட்டப் போங்கள், கூடவே அவர் கையும் மாட்டட்டும். சாதாரண ஃபவுல்தான் கொடுப்பார்கள். அவர் இரண்டு எறிவார். பந்து பத்திரமாக உங்களிடமே வந்து சேரும். இது அநீதி என்றால், கணக்கும் அநீதிதான்" என்றேன்.

மேடம் 'அநீதியே' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, சிறந்த பேச்சாளர் கோப்பையை எனக்குக் கொடுத்தார்.

இளவேனில் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். வாயைக் கையால் மூடிக்கொண்டு. வெளியே வந்தபோது, "நல்லா பேசினடி" என்றாள்.

காரணத்தை நான் சொல்லவில்லை. இரவல் ஜெர்சி, சுவர், பையன்கள், எதையும் சொல்லவில்லை. அவள் தவறவிடுவது ஊருக்கே தெரிந்ததுதானே?

பிப்ரவரி 13, வியாழன்

கோப்பையை அம்மா டிவிமேல் வைத்துவிட்டாள். இளவேனிலின் அணி இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டது. இன்று யாரும் அவளை வேண்டுமென்று தொடவில்லை. நான் வீணாக பயந்தேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

திண்டிவனத்து அணியோடு இறுதி ஆட்டம். ராஜாம்பாள் மேடம் என் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மூன்று பகுதிவரை இளவேனில் ஆடியதை அவர் கண் சிமிட்டாமல் பார்த்தார். "யார் பொண்ணு இது?" என்று கேட்டார். சிங்கவரம் என்றேன். தலையாட்டிக்கொண்டார். அந்தத் தலையாட்டலை ஓடிப்போய் அவளிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

கடைசிப் பகுதி. நாங்கள் முன்னால் இருந்தோம். அவர்கள் பயிற்சியாளர் டைம்-அவுட் கேட்டு, அணியைக் கூப்பிட்டுப் பேசினார். பேசும்போது அவர் முழங்கை விலாவில் ஒட்டியிருந்தது. பெண்கள் சிரித்தார்கள்.

அதன்பிறகு இளவேனிலிடம் பந்து போகும்போதெல்லாம் அவர்களின் ஏழாம் எண் பாய்ந்தாள். கை பந்துக்குத்தான் வந்தது. சுத்தமாக, நான் சொன்ன மாதிரியே. விசில், சாதாரண ஃபவுல், இரண்டு எறி. நான் ஏழாம் எண்ணின் பெயருக்கு நேரே குறித்தேன்.

இளவேனில் கோட்டில் போய் நின்றதும் ஆரம்பித்தது. வெளியூர்க்காரர்கள் இல்லை. எங்கள் பையன்கள். படிக்கட்டில் வரிசையாக எழுந்து நின்று முழங்கையை விலாவில் ஒட்டிக்கொண்டார்கள். தாளத்தோடு, "கையத் தூக்கு, கையத் தூக்கு." அவளை உற்சாகப்படுத்துவதாகத்தான் நினைத்திருப்பார்கள். சிலர் நினைத்திருப்பார்கள்.

முதல் பந்து இப்பாலேயே விழுந்தது. இரண்டாவதும்.

மறுபடி ஃபவுல். மறுபடி கோடு. சார் அவளை வெளியே எடுத்தார், எதிரணி உயரக்காரி உடனே இரண்டு கூடை போட்டாள், திரும்ப உள்ளே அனுப்பினார். மறுபடி ஃபவுல். இந்த முறை கோட்டுக்குப் போகுமுன் அவள் திரும்பி மேசையைப் பார்த்தாள். என்னைத்தான். மூன்று வருடத்தில் ஆட்டத்தின் நடுவே யாரும் அந்த மேசையைப் பார்த்ததில்லை.

பிறகு கையை முழுசாகத் தூக்கினாள். காதை உரசிக்கொண்டு, நேராக. ஜெர்சி ஏறியது. கொஞ்சம்தான், நாலு விரல் அளவு. படிக்கட்டிலிருந்து ஒருவன் நீளமாக விசிலடித்தான். பந்து பலகைக்கு மேலே போய்க் கம்பி வேலிக்கு அப்பால் விழுந்தது. அவள் அடுத்த பந்துக்குக் கை நீட்டவில்லை. முதலில் ஜெர்சியை அரைக்கால் சட்டைக்குள் செருகினாள், சுற்றிலும், மெதுவாக. நடுவர் பந்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

மூன்று புள்ளியில் தோற்றோம்.

ராஜாம்பாள் மேடம் எழுந்தார். "நல்லா ஆடறா. கடைசில நிக்க மாட்டேங்கறா. என்ன பண்றது?" என்றவர், என் தாளைக் குனிந்து பார்த்து, "அந்த ஏழாம் நம்பர் பேரு என்ன? மூளையோட ஃபவுல் பண்றா" என்றார்.

நான் பெயரைப் படித்துச் சொன்னேன். எழுத்துக்கூட்டிக்கூடச் சொன்னேன்.

பிப்ரவரி 15, சனி

பட்டிமன்ற வீடியோவிலிருந்து என் கையை மட்டும் வெட்டி ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். வகுப்புக் குழுவில் வந்தது. யாரோ பரீட்சைக்குப் படிக்கவில்லை என்று எழுத, பதிலுக்கு அது. முழங்கை ஒட்டி, பாதிக் கை தூக்கி, நான்.

பிப்ரவரி 18, செவ்வாய்

அவள் பேசாமல் இருந்தால் நன்றாக இருக்கும். பேசுகிறாள். "சாப்டியா?" என்கிறாள். "நோட்டு குடு" என்கிறாள்.

இன்று நானே ஆரம்பித்தேன். "இளவேனி, அன்னிக்கு மேடைல..."

"எனுக்கு தல வலிக்குதுடி, அப்பறம் பேசலாம்."

பஸ் நிலையத்தில் எங்கள் முன்னால் போன இரண்டு பையன்கள் திரும்பிப் பார்த்து முழங்கையை ஒட்டிக்கொண்டார்கள். அவள் பார்க்காத மாதிரி நடந்தாள். நான் பார்க்காத மாதிரி அவளோடு நடந்தேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

என் வாதத்தை நான்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். நான் அவளைக் கெடுக்க நினைக்கவில்லை. ஒரு துளிகூட இல்லை. ஆனால் நினைத்தது என்ன என்பது கணக்கில்லை என்று சொன்னது யார்?

கை எங்கே போனது என்று மட்டும்தான் பார்க்க வேண்டும். என் கை எங்கே போனது?

தலைப்புக்குப் போகவில்லை. தலைப்பு ஆளில்லாமல் அங்கேயே கிடந்தது. என் கை அவள்மீது போனது. எத்தனையோ நூறு பக்கங்கள் படித்திருக்கிறேன், பிறர் வலியைப் பற்றியே முக்கால்வாசி. அரங்கம் ஒரு தடவை சிரித்ததும் எல்லாம் போய்விட்டது. கொடுமைக்காரர்கள் வேறு மாதிரி இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். நன்றாகப் பேசத் தெரியாதவர்களாக.

மார்ச் 9, ஞாயிறு

நோன்போடு சிங்கவரத்துக்கு பஸ்ஸில் போனேன். ஒரு வாரமாக அவள் கல்லூரிக்கு வரவில்லை. வீட்டு வாசலில் ரஞ்சித் வேர்க்கடலை மூட்டை தைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னாம்மா, நீதான பேசன பொண்ணு?" என்றான். கோபமே இல்லை. "எனுக்கும் அந்த வீடியோ வந்துச்சு. வெதக் கடைல ஒருத்தன் அனுப்பனான். நானும் சிரிச்சேன். சிரிச்சிட்டு அப்பறம்தான் யார சொல்றன்னு தெரிஞ்சிது."

"அண்ணே, அந்த மேடத்துக்கிட்ட நான் ஃபோன் போட்டுப் பேசறேன். தனியா எறிஞ்சா எல்லாம் விழுது. நான் பாத்திருக்கேன்."

"தனியா எறியறதுக்கு யாருமா சீட்டு தருவாங்க?" ஊசியை மூட்டையில் குத்திவிட்டு நிமிர்ந்தான். "நீ படிச்ச பொண்ணு, நல்லா பேசற. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஆம்பள பசங்க அவள பாத்து அந்த மாதிரி கைய வச்சிக்கறானுங்களே, அதுல இன்னா ஜோக்கு? அவ அழுவறா, சொல்ல மாட்டேங்கறா."

அந்த ஜெர்சி விஷயத்தை நான் சொல்லவில்லை. அவளுக்குக் கொடுத்த வாக்கு அது. இந்த உலகத்தில் நான் அவளுக்குக் காப்பாற்றிக் கொடுத்த ஒரே விஷயம், அவள் அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டிய விஷயம்.

இளவேனில் உள்ளே இருந்தாள். வெளியே வரவில்லை. "தூங்குது" என்றார் அவள் அம்மா வள்ளியம்மாள். ஜன்னலுக்குப் பின்னால் கொலுசுச் சத்தம் நடந்துகொண்டிருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

ராஜாம்பாள் மேடத்துக்கு ஃபோன் போட்டேன். பொறுமையாகக் கேட்டார். ஏழாம் எண்ணுக்குச் சீட்டு கொடுத்தாகிவிட்டதாம். "உங்க சிநேகிதிக்கு நீங்க நல்லா பேசறீங்க" என்றார்.

மே 19, திங்கள்

அத்தாவின் கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். இளவேனில் அவளே வந்தாள், மஞ்சள் தடவிய பத்திரிகையோடு. ஜூன் ஒன்றாம் தேதி நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை பனமலை அத்தை மகன்தான்.

"கண்டிப்பா வரணும் மாஹி. நீ வராம எப்டி?" என்று என் கையைப் பிடித்தாள். அவள் உள்ளங்கையில் பந்து பிடித்த காய்ப்பு இன்னும் இருக்கிறது.

மன்னித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். நினைக்கலாமா? அம்மாவிடம் சொன்னேன், புடவை வாங்கிக் கொடுக்கலாம் என்றாள்.

ஜூன் 1, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பந்தலில் பெண்கள் பக்கம் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். தட்டு மாற்றி முடிந்து, எல்லோரும் பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இளவேனில் அரக்குப் பட்டில், தலை நிறையப் பூவோடு, என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்து நடுவில் கூட்டிக்கொண்டு போனாள்.

"இவதான் மாஹிரா. நான் சொல்லுவனே, என்னெ வச்சிப் பேசி கப்பு வாங்கனவ."

மாப்பிள்ளையின் அக்கா ஒருத்தி என்னை உற்றுப் பார்த்தாள். "ஐயே, ஸ்டிக்கர்ல வர்ற பொண்ணு. நேர்ல இன்னும் சின்னதா இருக்குது."

"அத செஞ்சி காட்டுடி" என்றாள் இளவேனில்.

"வேணாம் இளவேனி."

"எங்க வூட்டு ஆளுங்க யாரும் நேர்ல பாத்ததில்ல. ஃபோன்லதான் பாத்துருக்காங்க. செஞ்சி காட்டு." அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். பெண்களைப் பார்த்து, "எல்லாம் கொஞ்சம் ஒதுங்கிக்கங்க. அவ கிட்ட யாரும் வரக்கூடாது. ரூல் அதுதான்" என்றாள்.

புடவைகள் சரசரத்து ஒதுங்கின. ஜமக்காளத்தின் நடுவில் நான் மட்டும். பந்தலுக்கு அந்தப் பக்கமிருந்து ஆண்களும் எட்டிப் பார்த்தார்கள். ரஞ்சித் தண்ணீர்க் குடத்தோடு நின்றுவிட்டான்.

முழங்கைகளை விலாவில் ஒட்டினேன். பாதிக் கையைத் தூக்கினேன். எறிந்தேன். குனிந்து பார்த்தேன். சிரித்தார்கள். ஒரு குழந்தை உடனே அதே மாதிரி செய்தது, அதற்கும் சிரித்தார்கள்.

நான் நகரப் போனேன்.

"இன்னொண்ணு" என்றாள் இளவேனில். "ரெண்டு த்ரோ இல்ல? அன்னிக்கும் ரெண்டு வாட்டிதான செஞ்ச."

இரண்டாவது முறை கை பாதியில் இருந்தபோது துப்பட்டா தோளிலிருந்து நழுவியது. எடுத்துப் போட்டுக்கொள்ளக் கை இல்லை. பந்தலில் இருந்த எல்லாக் கண்களும் என்மீது ஊர்வது தெரிந்தது. எத்தனை நேரம் அப்படி நின்றேனோ. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் அக்கா வேறு எங்கோ பார்த்தாள்.

இளவேனில் மட்டும் கை தட்டினாள். முன்னால் உட்கார்ந்து கை தட்டுவதாகச் சொன்னவள்தானே.

பிறகு கிட்டே வந்தாள். கீழே கிடந்த துப்பட்டாவை எடுத்து என் தோளில் போட்டு, இரண்டு பக்கமும் இழுத்துச் சரிசெய்தாள். அவள் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை, வேறெதுவும்கூட இல்லை.

"சாப்டு போ" என்றாள்.

சாப்பிட்டேன். பாயசம்வரை.

ஜூன் 2, திங்கள்

டிவிமேல் கோப்பை இல்லை. எங்கே வைத்தாய் என்று அம்மா கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

பிப்ரவரி 5, வியாழன்

எட்டு மாதமாக இதில் எழுதவில்லை. அதே கல்லூரியில் எம்.ஏ. படிக்கிறேன். பட்டிமன்றத்துக்கு மேடம் இந்த வருடமும் கூப்பிட்டார். போகவில்லை. ஸ்கோர் மேசைக்கு சார் கூப்பிட்டபோது மட்டும் மறுக்க முடியவில்லை.

இளவேனில் பனமலையில் இருக்கிறாள். ஏரிக்கரையில் தலையில் புல்லுக்கட்டோடு போனாள் என்று யாரோ சொன்னார்கள். கட்டைப் பிடிக்க இரண்டு கையையும் தூக்கித்தானே இருப்பாள் என்று நினைத்தேன். அதற்குமேல் கேட்கவில்லை.

இன்று பயிற்சி ஆட்டம். புதிதாக ஒரு முதல் வருடப் பெண், உயரம், ஒல்லி, பல்லில் கம்பி. அவள்மீது ஃபவுல். கோட்டில் போய் நின்றாள். உடனே பெஞ்சில் இருந்த பெண்களெல்லாம் முழங்கையை விலாவில் ஒட்டிக்கொண்டு கத்தினார்கள்: "இளவேனில் போடாதடீ."

பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதக் கற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம், "அப்படின்னா?" என்று கேட்டேன்.

"மிஸ் பண்ணாதன்னு அர்த்தம்கா. நம்ம காலேஜ்ல அப்டித்தான் சொல்லுவோம். நீங்க கேட்டதில்ல?"

"இளவேனில்னா யாரு?"

"தெரியலக்கா. முன்னால யாரோ இருந்துருப்பாங்க." அவளும் சிரித்துக்கொண்டே முழங்கையை ஒட்டிக் காட்டினாள். "இந்தக் கை யாரு கண்டுபுடிச்சாங்களோ, செமயா இருக்கும்."

கோட்டில் நின்ற பெண் ஒரு முறை எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு எறிந்தாள். பந்து வளையத்துக்கு இப்பாலேயே விழுந்து, உருண்டு, மேசைக்கு அடியில் வந்து என் காலில் முட்டி நின்றது.

"என்னக்கா எழுதணும்?" என்றாள் பக்கத்துப் பெண், பேனாவைப் பிடித்துக்கொண்டு.

"விழலன்னா எதுவும் எழுத வேணாம்" என்றேன்.